தண்ணியில்லாக் காடும் மூன்று வகைத் தண்ணீரும்

"தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்!" தமிழ் சினிமாவில் அரசியல்வாதி வில்லன் நேர்மையான அதிகாரியைப் பார்த்துச் சொல்லும் வசனம் இது. அந்தக் காடு எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர் ராமநாதபுரம். அரசு ஊழியர்களுக்குத் தண்டனை மாறுதல் என்றாலே ராம்நாடுதான் என்ற பேச்சும் பல காலமாக உண்டு.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையளவு சுமார் 820 மில்லிமீட்டர். எப்போதும் குடையோடு திரிகிறார்கள் என்று நாம் கேள்விப்படும் லண்டனில் ஓர் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர்தான். அதாவது தண்ணியில்லாக் காட்டில் லண்டனை விட அதிகமாக மழை பெய்கிறது!

பிறகு ஏன் இந்தப் பெயர்? லண்டனில் மழை வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். வெயிலும் குறைவு. ராமநாதபுரத்தில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக் காற்றில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி ஒன்பது மாதம் வெயில், கடற்காற்று, தோண்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். வருடச் சம்பளம் முழுவதையும் மூன்று மாதத்தில் கொடுத்துவிட்டு, மீதி மாதங்களை நீயே சமாளித்துக்கொள் என்று சொன்னால் எப்படியிருக்கும்? அப்படிப்பட்ட நிலைமை.

இந்த நிலைமையில் அந்த மக்கள் பல நூற்றாண்டுகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. அவர்கள் தண்ணீரைக் குறைவாகச் செலவழித்தார்கள் என்பது பாதி பதில்தான். தண்ணீரை அவர்கள் ஒரே பொருளாகப் பார்க்கவில்லை. குடிக்கும் தண்ணீர் வேறு, புழங்கும் தண்ணீர் வேறு, பயிருக்கும் மரத்துக்கும் போகும் தண்ணீர் வேறு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைத்திருந்தார்கள். அதுதான் முக்கியமான பதில்.

கடைமடை நாடு

முதலில் ஊரின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். வைகை ஆறு மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் பிறந்து தேனி, மதுரை, சிவகங்கை எல்லாம் கடந்து கடைசியாக வருவது ராமநாதபுரத்துக்கு. வழியில் எல்லோரும் எடுத்தது போக மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேரும். அதற்கும் மிஞ்சினால் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே கடலில் கலக்கும். மிஞ்சுவது அபூர்வம்.

எனவே இங்கே ஆற்றை நம்பி உட்கார முடியாது. மழைநீரைப் பிடித்து வைக்க வேண்டும். அதனால்தான் மாவட்டம் முழுக்கக் கண்மாய்கள். ஒன்று நிறைந்தால் அதன் உபரி அடுத்ததற்குப் போகும்படி சங்கிலிபோல அமைத்திருப்பார்கள். பாண்டிய மன்னன் ராஜசிம்மன் பெயரைத் தாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ஊரார் சொல்வார்கள். அவ்வளவு நீளமான கரை, 48 மடைகள், ஒரு நாரையால் ஒரே மூச்சில் கடக்க முடியாதாம்!

சேதுபதி மன்னர்கள் காலத்திலும் இந்தக் கவலை தீரவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே கேரளப் பக்கம் ஓடும் பெரியாற்றை வைகைக்குத் திருப்ப முடியுமா என்று ஆராய ஆட்களை அனுப்பினார். செலவு கட்டுப்படியாகாது என்று அது கைவிடப்பட்டது. சுமார் 100 வருடம் கழித்து, 1895ல், பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை அந்த யோசனையை நடத்திக் காட்டியது. இதில் வேடிக்கை என்னவென்றால், யோசனை ராமநாதபுரத்தில் பிறந்தது, தண்ணீரின் பெரும்பலன் மேலே உள்ள மாவட்டங்களுக்குப் போனது. கடைமடைக்காரனின் தலையெழுத்து!

ஊருணி: ஊர் உண்ணும் நீர்

கண்மாய் என்பது வயலுக்கு. குடிப்பதற்கு ஊருணி. ஊர் உண்பதற்கான நீர், அதனால் ஊருணி. திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஊருணியை உவமையாக வள்ளுவர் எடுத்தாள்கிறார். அப்படியென்றால் இது எவ்வளவு பழைய ஏற்பாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருணி பார்ப்பதற்குச் சாதாரணக் குளம்போலத்தான் இருக்கும். ஆனால் அதன் விதிமுறைகள் கண்டிப்பானவை. குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. ஆடுமாடு இறங்கக் கூடாது. பல ஊர்களில் கரைக்குள் செருப்புக் காலோடு போகக் கூடாது. குளிக்கவும் துவைக்கவும் வேறு குளம், மாடு குளிப்பாட்ட வேறு குட்டை.

அமைப்பிலும் விஷயம் இருக்கிறது. வெயில் நாட்டில் திறந்து கிடக்கும் தண்ணீருக்குப் பெரிய எதிரி ஆவியாதல். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று குறைத்து வைத்துக்கொண்டாலே வருடத்துக்கு 1.8 மீட்டர் ஆழத் தண்ணீர் யாரும் குடிக்காமலேயே காணாமல் போகும். இரண்டு மீட்டர் ஆழமுள்ள அகலமான குளத்தில் கோடையில் சேறுதான் மிஞ்சும். எனவே குடிநீருக்குப் பரப்பு குறைவாகவும் ஆழம் அதிகமாகவும் இருக்க வேண்டும். பல ஊருணிகளின் நடுவே ஒரு கிணறு தோண்டியிருப்பார்கள். மேலே வற்றிய பிறகும் கடைசிக் குடம் வரை அந்தக் கிணற்றில் இறைத்துக்கொள்ளலாம்.

மழைக்கு முன் வரத்துக் கால்களைச் சுத்தம் செய்வது, கோடையில் தூர் வாருவது எல்லாம் ஊரார் வேலை. வாரிய வண்டல் மண் வயலுக்கு உரமாகப் போய்விடும். ஆக, செலவு என்று நினைத்த வேலையிலும் ஒரு வரவு!

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஊருணி எல்லோருக்கும் ஒரேபோலத் திறந்திருக்கவில்லை. தமிழ்நாட்டின் மற்ற நீர்நிலைகளைப் போலவே இங்கும் சாதிக் கட்டுப்பாடு இருந்தது. ஊருணிக்கரையில் கால் வைக்க முடியாமல், பிறர் வந்து ஊற்றும் வரை குடத்தோடு காத்திருந்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். பழைய முறையைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

வீட்டுக்குள் வந்த தண்ணீர்

ஊருணித் தண்ணீர் வீட்டுக்கு வந்தது தலையிலும் இடுப்பிலும் சுமந்துதான். சுமந்தவர்கள் பெண்கள். ஒரு குடம் என்பது ஏறக்குறைய 15 லிட்டர், அதாவது 15 கிலோ. ஒரு மைல் தூரம் சுமந்து வந்த தண்ணீரை யாராவது வீணாக்குவார்களா? சிக்கனம் உபதேசத்தால் வரவில்லை, கழுத்து வலியால் வந்தது.

ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதற்குத் தேற்றாங்கொட்டை. பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால் கலங்கல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததைக் குடிக்க எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் தெளிய வைக்க இன்று ஆலைகளில் படிகாரம் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். (கிருமியை இது கொல்லாது, தெளிய மட்டுமே வைக்கும். காய்ச்சிக் குடிப்பதுதான் பாதுகாப்பு.)

வீட்டிலும் அதே பிரிவினை தொடர்ந்தது. மண்பானையில் நல்ல தண்ணீர், குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். தொட்டியில் உவர்த் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக் கழனித் தொட்டிக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் வாய்க்கால் வழியாகக் கொல்லையில் நிற்கும் வாழைக்கும் முருங்கைக்கும். ஒரே தண்ணீர் இரண்டு மூன்று வேலை பார்த்துவிட்டுத்தான் மண்ணுக்குள் போனது.

தோட்டம் என்றாலும் நிலத்துக்கு ஏற்றதைத்தான் வைத்தார்கள். பனை மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? யாரும் ஊற்றாமலே நுங்கும் பதநீரும் கருப்பட்டியும் தந்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் மழைக்காலத்தை ஒட்டி விதைத்து, நிலத்தில் தங்கிய ஈரத்திலேயே விளையும் பயிர். அந்த மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்ணீர் குறைவான நிலத்தில் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிர், அவ்வளவுதான் ரகசியம்.

இந்தச் சிந்தனை இங்கு மட்டும் இருந்ததல்ல. துளைகளில் நீர் கசியும் மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்து, பானையை நிரப்பி வைத்தால் வேருக்கு மட்டும் ஈரம் போகும். 2000 வருடங்களுக்கு முந்தைய சீன வேளாண் நூல் ஒன்றிலேயே இந்த முறை உண்டு. இன்றைய சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தாத்தா என்று சொல்லலாம்.

தீவில் வேறு கணக்கு

பாம்பன் கால்வாயைத் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே ஆறு கிடையாது. பெரிய கண்மாய்ச் சங்கிலியும் கிடையாது. சுற்றிலும் கடல், உள்ளே மணல். ஆனால் அங்கேதான் ராமநாதசுவாமி கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள்! கோவிலுக்கு வெளியே தீவெங்கும் இன்னும் பல தீர்த்தங்கள். தங்கச்சிமடத்தில் உள்ள வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் உப்பு நீர், கிணற்றில் நல்ல நீர்.

பக்தர்களுக்கு இது ராமர் அம்பு எய்த அற்புதம். அறிவியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. மணலில் இறங்கும் மழைநீர், கடல் நீரை விட எடை குறைந்தது. எனவே அது உப்பு நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் ஒரு வில்லை வடிவத்தில் மிதக்கும். பாடன் கைபன் என்ற டச்சுக்காரரும் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் 100 வருடங்களுக்கு முன்பு தனித்தனியே இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்குத் திரும்பவும் செல்லும். மேலே 1 மீட்டர் இறைத்துக் குறைத்துவிட்டால், கீழே உப்பு நீர் 40 மீட்டர் மேலேறி வரப் பார்க்கும்! அதனால்தான் தீவில் எவ்வளவு இறைக்கிறோம் என்பதை விட எவ்வளவு மெதுவாக இறைக்கிறோம் என்பது முக்கியம். கயிறும் வாளியும் மெதுவான கருவிகள். மேலாக எடுத்தன, ஊறும் வரை காத்திருந்தன. மின் மோட்டாருக்குக் காத்திருக்கத் தெரியாது.

இதற்கு உயிருள்ள சாட்சி தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அந்தத் துறைமுக ஊரையே அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் கடலோடு போனது. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கே தொடர்ந்து வாழ்ந்தன. குழாய் இல்லாமல் எப்படி? கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டினால் சில அடிகளில் நல்ல தண்ணீர் ஊறும். அதைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் நிரப்புவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. மேலேயே நிறுத்தினால் குடிநீர். ஹெர்ட்ஸ்பெர்க் பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய சூத்திரத்தைக் கையில் வைத்திருந்தார்கள் அந்தப் பெண்கள்.

அதே மணல், அதே ஆழமில்லாத ஊற்று நீரில்தான் தங்கச்சிமடம் பகுதியில் மல்லிகை நாற்றுகள் வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். மல்லிகைக்குப் பேர் வாங்கியது மதுரை என்றாலும், பல ஊர்த் தோட்டங்களுக்குச் செடி போனது இந்தத் தீவிலிருந்து!

கணக்கு எங்கே தப்பியது?

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் நிலைக்கவில்லை? ஒரே நாளில் நடக்கவில்லை. படிப்படியாக நடந்தது.

1803ல் ஆங்கிலேயர்கள் ராமநாதபுரத்தை ஜமீனாக மாற்றினார்கள். ஜமீனுக்கு முதல் கவலை கட்டவேண்டிய கிஸ்தி. கண்மாய் மராமத்து அதற்குப் பிறகுதான். ஊரார் தாங்களாகச் செய்து வந்த குடிமராமத்துக் குறைந்ததும், 1858ல் அதைக் கட்டாயமாக்கி ஒரு சட்டமே போட்டார்கள். தானாக நடந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றாலே அது நின்றுகொண்டிருந்தது என்றுதான் அர்த்தம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் ஒழிந்தது. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் பொதுப்பணித்துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஊரின் சொத்து அரசின் கோப்பாக மாறியது. "கவர்மெண்ட் பார்த்துக்கும்" என்று ஊர் ஒதுங்கியது. நிதி வந்தால் பார்க்கலாம் என்று அரசு ஒதுங்கியது. நடுவில் சீமைக்கருவேலம் புகுந்தது.

பிறகு குழாய் வந்தது. கடலோரத்தில் நரிப்பையூரில் 1990களின் இறுதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தார்கள், நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறன். 2000களின் இறுதியில் 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாய் வழியாக வந்தது. தலையில் குடம் சுமந்த பெண்களுக்கு இது பெரிய விடுதலை. யாருடைய கரையில் யார் கால் வைப்பது என்ற தகராறும் குழாயடியில் பெருமளவு குறைந்தது. இதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் குழாய் ஒரு காரியம் செய்தது. எல்லாத் தண்ணீரையும் ஒரே தண்ணீராக்கிவிட்டது. 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த, சுத்திகரித்த காவிரி நீரில் வாசல் தெளிக்கிறோம், வண்டி கழுவுகிறோம். குழாயில் வராத நாளில் தள்ளுவண்டியில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு அலைகிறோம், இல்லையென்றால் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். பக்கத்தில் ஊருணி குப்பை மேடாகக் கிடக்கிறது. குழாய் வந்ததால் ஊருணி தேவையில்லை என்று நினைத்ததுதான் தப்பு. இரண்டும் இருந்திருக்கலாம்.

கூரையைப் பார்க்கலாமா?

2003ல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் ஒரு மாநிலம் முழுவதற்கும் இப்படிச் செய்தது பெரிய விஷயம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் செய்தது கூரைத் தண்ணீரைக் குழி வழியாக மண்ணுக்குள் விடுவது. நிலத்தடி நீர் நன்றாக உள்ள ஊருக்கு அது சரி. ராமேஸ்வரம் மணலுக்கும் சரி, மிதக்கும் நன்னீர் வில்லை தடிமனாகும். ஆனால் நிலத்தடியே உப்பாக இருக்கும் உள்பகுதி ஊர்களில் கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் விட்டால் அது உப்போடு சேர்ந்து உப்பாகிவிடும். அங்கே தேவை குழி இல்லை, தொட்டி.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 500 சதுர அடி கூரை, அதாவது சுமார் 46 சதுர மீட்டர். 820 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 38,000 லிட்டர். வழிந்தது, முதல் மழைக்கு விட்டது என்று 20 சதவீதம் கழித்தால் சுமார் 30,000 லிட்டர் கைக்கு வரும்.

இப்போது செலவுப் பக்கம். 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்கு வருடத்துக்கு சுமார் 1,00,000 லிட்டர். கூரை போதாது, கணக்கில் பெரிய துண்டு விழுகிறது.

சரி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு 8 லிட்டர் வைத்தால் ஐந்து பேருக்கு நாளைக்கு 40 லிட்டர், வருடத்துக்கு 14,600 லிட்டர். கூரை தருவதில் பாதிதான்! மழையில்லாத 270 நாளுக்கு 10,800 லிட்டர் சேமித்தால் போதும். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 2.7 மீட்டர் ஆழத்தில் மூடிய தொட்டி ஒன்று. மழை பொய்த்து பாதியளவே பெய்தாலும் குடிநீர் கிட்டத்தட்ட சமாளித்துவிடும். கூரை அதே கூரை, மழை அதே மழை. மொத்தமாகப் பார்த்தால் பற்றாக்குறை, பிரித்துப் பார்த்தால் உபரி. அந்தக் காலத்து ஊருணிக்காரர்கள் செய்தது இந்தப் பிரிப்பைத்தான்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் அட்லாண்டிக் கடலில் உள்ள பெர்முடாத் தீவைப் பார்க்கலாம். அங்கேயும் ஆறு கிடையாது. வீடு கட்டினால் வெள்ளையடித்த கூரையில் விழும் மழையைப் பிடிக்கத் தொட்டியும் கட்டவேண்டும் என்பது சட்டம். அங்கே வீட்டுக்குக் கீழேயே தொட்டி இருக்கும். வசதியான மக்கள்தான், ஆனாலும் மழைநீரைக் குடிக்கக் கூச்சப்படுவதில்லை. நம்மூர்ப் பக்கம் ராஜஸ்தான் பாலைவனத்திலும் வீட்டு முற்றத்தில் தரைக்கடியில் தொட்டி கட்டி மழைநீரைச் சேர்த்துக் குடிக்கும் வழக்கம் உண்டு.

ராமநாதபுரத்திலும் எல்லாம் போய்விடவில்லை. முதுகுளத்தூர் பக்கம் போன்ற இடங்களில் மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை ஊராரோடு சேர்ந்து ஊருணிகளைச் சீரமைத்திருக்கிறது. ராமேஸ்வரத்தில் விவேகானந்த கேந்திரம் தூர்ந்து கிடந்த பழைய தீர்த்தங்களை மீட்டெடுத்தது. 2017ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தூர் வாரிய பிறகு அந்த ஊருணியில் யாரும் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்வது யார் என்பதுதான் கேள்வி. பணத்தால் தூர் வாரலாம். கரையில் நின்று "இதில் குளிக்காதே" என்று சொல்ல ஊர்தான் வேண்டும். இந்த முறை அந்த ஊர் என்பது எல்லாத் தெருவையும் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

அதுவரை வீட்டளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் பெரிய செலவும் கிடையாது. குடிக்கும் தண்ணீரை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று ஒரே ஒரு நாள் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் குடிப்பதைத் தவிர மற்றது எத்தனை என்று எண்ணினாலே போதும். தண்ணியில்லாக் காடு என்று சினிமா சொன்ன ஊர், அந்தக் கணக்கை எப்படி எழுதுவது என்று எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது.